அத்தியாயம் 5: மூன்று வீட்டுச் சேவல்கள்

தோட்டத்து லயங்களில் கோழிக்கு வேலி இருந்ததில்லை. விடியற்காலையில் கூண்டைத் திறந்துவிட்டால் லயத்துக் கோழிகளெல்லாம் ஒன்றாக மேயும். பொழுது சாய்ந்ததும் அதது தன் வீட்டுக் கூண்டைத் தேடி வந்து அடையும். நாலாவது வீட்டுச் சேவல் பத்தாவது வீட்டுப் பெட்டையை மிதிக்கும்; யாரும் திட்டம் போடாமலே ரத்தம் கலந்துகொண்டிருந்தது. ஜொகூரின் செனாய், சாலெங், கூலாய் பக்கத்துத் தோட்டங்களை விட்டு மக்கள் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிகளுக்கு வந்த பிறகும் கோழி ஆசை போகவில்லை. வீட்டின் பின்கட்டில், மூலை வீட்டுக்காரர் என்றால் பக்கவாட்டு நிலத்தில், இன்றும் கூண்டு வைக்கிறார்கள். ஆனால் இப்போது கோழிக்கு மூன்று பக்கமும் சுவர். ஒரு சேவல், அதன் மகள்கள், அந்த மகள்களின் மகள்கள் என எல்லாம் ஒரே கூண்டுக்குள் சுற்றி வருகின்றன.

கம்பத்துக் கோழி எனும் நாட்டுக்கோழி வளர்ப்பவருக்கு இது பெரிய கவலை இல்லை. சந்தையில் ஒரு புதுச் சேவலை வாங்கிவிட்டால் தீர்ந்தது. அரிய இனம் வைத்திருப்பவர் அப்படிச் செய்தால் இனமே போய்விடும்; செய்யாவிட்டால் நாலைந்து தலைமுறையில் முட்டை கூமுட்டையாகும், குஞ்சு நொண்டும். செனாய் போன்ற ஊரில், ஈரமும் வெயிலும் அக்கம்பக்கத்து வீடுகளும் நெருக்கும் இடத்தில், இந்தச் சிக்கலிலிருந்து எப்படி மீள்வது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. கூண்டு, அடை, நோய் எல்லாவற்றையும் சொல்கிறேன். ஆனால் மூன்று வீடுகள் சேர்ந்து ஓர் இனத்தை வளர்ப்பது பற்றிய பகுதியை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

எந்த இனம்?

சிறிய இடத்துக்கு நான் முதலில் சொல்வது செராமா. உலகின் மிகச் சிறிய கோழி இனங்களில் ஒன்று, அதுவும் நம் நாட்டுச் சொத்து. கிளந்தானில் வீ இயன் ஈன் என்பவர் 1970களில் இதை உருவாக்கியதாகச் சொல்கிறார்கள். 1990இல் பெர்லிஸில் முதல் போட்டி நடந்தது. வளர்ந்த சேவலே பெரும்பாலும் அரைக் கிலோவைத் தாண்டாது. மேசைமேல் அதை நிறுத்திப் பாருங்கள்: நெஞ்சை முன்தள்ளி, தலையைப் பின்னால் இழுத்து, வாலை நேராகத் தூக்கி, இரண்டு சிறகுகளும் தரையை நோக்கிச் செங்குத்தாக இறங்க நிற்கும். ஒரே ஜோடியின் குஞ்சுகளில்கூட நிறமும் அளவும் மாறி மாறி வரும். ஆகவே ஒரு சேவலைப் பார்த்து மயங்கி வாங்காமல், அதன் தாய் தகப்பனையும் உடன்பிறப்புகளையும் பார்க்கக் கேளுங்கள்.

2004 ஆகஸ்டில் கிளந்தானில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் கண்டபோது சுற்றுவட்டாரத்துக் கோழிகள் அழிக்கப்பட்டன. 2017இல் அதே மாநிலத்தில் நோய் மீண்டும் வந்தது. செராமா பிறந்த மண்ணும் அதுதான். ஓர் இனத்தின் நல்ல வரிசைகள் ஒரே வட்டாரத்தில் குவிந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஜொகூரில் ஒருவர் செராமாவை ஒழுங்காக வளர்ப்பது அந்த இனத்துக்கு ஒரு காப்புறுதி.

கருங்கோழிகள் அடுத்து வருகின்றன. ஜாவாவின் செமானி, சீனர் சூப்புக்குப் பெயர்போன பட்டுக்கோழி, மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் கடக்நாத் ஆகிய மூன்றுக்கும் தோலும் எலும்பும் கறுத்திருப்பது ஒரே மரபணு மாற்றத்தால். கடக்நாத்தின் இறைச்சிக்கு 2018இல் இந்தியாவில் புவிசார் குறியீடும் கிடைத்தது. வாங்குகிறவர் ஏமாறும் இடமும் இந்தக் கறுப்புதான். கறுப்பும் கறுப்பும் கலந்தால் குஞ்சும் கறுப்பாகவே வரும். நிறத்தை மட்டும் பார்த்துக் கலப்பைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே கருங்கோழியில் ஓர் இனத்துக்கு மேல் ஒரு வளவில் வைக்காதீர்கள். பட்டுக்கோழிக்கு இன்னொரு குறையும் உண்டு. அதன் இறகு மழைநீரைத் தள்ளாது. ஒரு சாரல் போதும், தோல்வரை நனைந்து நடுங்கும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நவம்பர் முதல் மார்ச் வரை அதை வெளியே விடும் முன் வானத்தைப் பார்க்க வேண்டும்.

சண்டைக்குப் பெயர்போன பெருவிடைச் சேவல்மேல் நம்மவருக்கு இருக்கும் பற்றை நான் அறிவேன். நல்ல பெருவிடையின் நடையில் ஒரு கம்பீரம் உண்டு. ஆனால் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி சேவல் சண்டை குற்றம். அபராதம் 20,000 வெள்ளியிலிருந்து 100,000 வெள்ளி வரை, அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இனத்துக்காக வளர்ப்பவர் சேவலின் கொண்டையையும் தாடியையும் வெட்டக் கூடாது, கால்முள்ளில் கை வைக்கவும் கூடாது. குஞ்சு பொரித்த தேதியும் வரிசையும் எழுதிய ஏட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். கேள்வி வந்தால் அந்த ஏடுதான் பேசும்.

செம்பனைத் தோட்ட ஓரத்தில் நிற்கும் காட்டுக்கோழியைப் பிடித்து வளர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது பாதுகாக்கப்பட்ட உயிர். உரிமமில்லாமல் பிடிக்கவோ வைத்திருக்கவோ கூடாது. சாம்பல் கால், வாலின் அடியில் வெள்ளைப் பூஞ்சிறகு, சட்டென்று அறுந்து முடியும் கூவல் ஆகியவற்றால் அதை அடையாளம் காணலாம். உலகக் கோழிகளுக்கெல்லாம் மூதாதை அதுதான். வீட்டுக் கோழி கலந்து கலந்து அதன் ரத்தமே கெட்டுவருகிறது. உங்கள் வீடு தோட்டத்தை ஒட்டி இருந்தால் சேவலைக் காடு மேய விடாதீர்கள். இனத்தைக் காக்க ஏடு எவ்வளவு உதவும் என்பதற்கு வெளிநாட்டிலும் ஒரு சான்று உண்டு: நம் தீபகற்பத்தின் பெயரையே தாங்கிய ‘மலாய்’ என்ற நெட்டைக் கோழி 1830 வாக்கில் இங்கிலாந்துக்குப் போனது. 1865இல் அங்கு வெளியான முதல் கோழி இலக்கண நூலிலும் இடம்பெற்றது. வெளியூர்க்காரர் அதற்கு ஏடு வைத்துக் காத்தார்கள். அதே கவனம் நம் வீட்டுக் கோழிக்கும் வேண்டும்.

கூண்டு

செனாய் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 180 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. குளிருக்காகக் கூண்டை அடைத்துக் கட்டச் சொல்லும் வெளிநாட்டுப் புத்தகங்களை மூடி வைத்துவிடுங்கள். இங்கே கோழியைக் கொல்வது வெயிலும் ஈரமும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ளும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அந்த மூச்சாலும் பயன் குறைவு. அதனால் காற்றோட்டம்தான் நம் கூண்டின் உயிர்.

கூண்டின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். குறுகிய பக்கங்கள்தான் காலை வெயிலையும் மாலை வெயிலையும் வாங்க வேண்டும். நீளமான இரண்டு பக்கங்களையும் இடுப்பளவுக்குமேல் வலை மட்டும் போட்டுத் திறந்து விடுங்கள். கூரை விளிம்பு சுவரைத் தாண்டி இரண்டரை அடியாவது நீண்டிருக்க வேண்டும், ஏனென்றால் நம் ஊர் மாலை மழை நேராக விழாது, காற்றோடு சேர்ந்து பக்கவாட்டில் அடிக்கும். கூரையின் உச்சியில் சூடான காற்று வெளியேற ஒரு கையகல இடைவெளி விட்டு, அதன்மேல் இன்னொரு சிறு கூரை கவித்துவிடுங்கள்.

ஜிங்க் தகடு மலிவு, பல ஆண்டு உழைக்கும். ஆனால் மதியம் இரண்டு மணிக்கு அதன் அடியில் கையை நீட்டிப் பாருங்கள், சூடு உள்ளங்கையில் இறங்குவது தெரியும். பரணில் அடையும் கோழி அந்தத் தகட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தகட்டின் மேல்பக்கம் வெள்ளைச் சாயம் அடித்து, அடியில் நான்கு விரற்கடை விட்டு நிப்பாக் கீற்றோ பழைய ஒட்டுப்பலகையோ பரப்பினால் வித்தியாசம் உடனே தெரியும். கீற்றில் பூச்சி சேரும் என்பது உண்மை. ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

தரை விஷயத்தில் என் கருத்து உறுதியானது. செம்மண்மேல் நேராகக் கூண்டு வைக்காதீர்கள். மழைக்காலத்தில் அது களியாகிவிடும், அந்தக் களியில்தான் ரத்தக்கழிச்சலின் முட்டைகளும் குடல்புழுவும் பெருகும். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கால் நாட்டி, ரீப்பர் சட்டங்களை விரல் அகல இடைவெளியில் அடித்துத் தளம் போடுங்கள். எச்சம் கீழே விழும், வாரி எடுத்து வாழைக்கும் முருங்கைக்கும் போடலாம். சிமெண்டுத் தரை ஏற்கெனவே இருந்தால் நான்கு அங்குல உயரத்துக்கு உமியோ மரத்தூளோ பரப்பி வாரம் இருமுறை கிளறி விடுங்கள். சரியாக இருக்கிறதா என்று அறிய வேறு கருவி வேண்டாம். காலையில் குனிந்து, கோழியின் மூக்கு இருக்கும் உயரத்தில் உங்கள் மூக்கை வைத்து மூச்சிழுங்கள். கண் கரித்தால் கோழிக்கு இரவெல்லாம் கரித்திருக்கிறது; சளிநோய் அங்கே தொடங்கும்.

இட அளவு: கம்பத்துக் கோழி அளவுள்ள இனத்துக்குக் கூண்டுக்குள் தலைக்கு நான்கு சதுர அடி, மேயும் அடைப்பில் பத்து சதுர அடி. செராமாவுக்கு இதில் பாதி போதும். பரண் கட்டை உருண்டையாக இருப்பதைவிட இரண்டு அங்குல அகலமும் மழுங்கிய விளிம்பும் கொண்ட சட்டமாக இருப்பது பாதத்துக்கு நல்லது. பெருவிடை போன்ற கனத்த இனத்துக்குப் பரணை இரண்டு அடிக்குமேல் உயர்த்தாதீர்கள். மேலிருந்து குதித்துக் குதித்து உள்ளங்கால் வீங்கிப் புண்ணாகும். பட்டுக்கோழிக்குப் பறக்க வராது, முழங்கால் உயரமே அதிகம். முட்டைப் பெட்டி நான்கு பெட்டைக்கு ஒன்று வீதம் இருந்தால் போதும், இருட்டான மூலையில்.

இனி இரவு. கடைகளில் விற்கும் அறுகோணக் கம்பிவலை கோழியை உள்ளே வைக்கும், எதிரியை வெளியே வைக்காது. மூசாங் எனும் புனுகுப்பூனை வலையின் கண் வழியே கையை நுழைத்து, பரணில் தூங்கும் கோழியின் தலையை இழுத்துப் பிய்த்துவிடும். மலைப்பாம்பு ஒல்லியாக நுழைந்து, விழுங்கியபின் பருத்துப்போய் வெளியேற முடியாமல் உள்ளேயே சுருண்டு கிடக்கும். அரை அங்குலச் சதுரக்கண் கொண்ட வெல்டு மெஷ் வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் அரிய இனத்துச் சேவல் ஒன்றைப் பறிகொடுத்தால் அதற்கு ஈடு எந்தக் கடையிலும் கிடைக்காது. வலையைக் கூண்டைச் சுற்றி வெளிப்பக்கமாக ஓரடி தரையில் படுக்கவைத்து மண்ணால் மூடிவிடுங்கள். தோண்டும் நாயும் எலியும் அங்கேயே நின்றுவிடும். கொக்கி மட்டும் போதாது, பூட்டுப் போடுங்கள். குரங்குக்குக் கொக்கி திறக்கத் தெரியும். பகலில் உடும்பு முட்டைக்கு வரும், காக்கை செராமாக் குஞ்சுக்கு வரும். அடைப்பின் மேலும் வலை வேண்டும்.

தண்ணீர்க் கிண்ணங்களைத் தினமும் கவிழ்த்துத் தேயுங்கள். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசுப் புழு கண்டால் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின்கீழ் சுகாதார அதிகாரி அபராதம் விதிப்பார். கோழிக்கும் கொசுதான் அம்மையைக் கொண்டுவருகிறது.

தீனியைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை, மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கிறது. ஒன்றை மட்டும் திரும்பச் சொல்கிறேன். நம் ஈரத்தில் சோளத்தூள் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், அந்தப் பூஞ்சையின் நஞ்சு ஈரலைத் தின்னும். மூன்று வாரத் தேவைக்குமேல் தீனி வாங்கி அடுக்காதீர்கள். சாக்கைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள்.

சேவல் கணக்கு

ஒரு சேவலும் பத்துப் பெட்டைகளும் வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். கண்ணுக்குப் பதினொரு கோழி. மரபுக் கணக்கில் அது நான்குகூட இல்லை. சேவல் எண்ணிக்கையைப் பெட்டை எண்ணிக்கையால் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்: 40ஐ 11ஆல் வகுத்தால் 3.6. இந்த எண்ணை இரட்டித்து, அதனால் ஒன்றை வகுத்தால் ஒவ்வொரு தலைமுறையிலும் நெருங்கிய ரத்தம் எவ்வளவு கூடுகிறது என்று தெரியும். இங்கே அது கிட்டத்தட்ட 14 விழுக்காடு. அதே கூண்டில் ஐந்து சேவலும் ஐந்து பெட்டையும் இருந்தால் எண் 10 ஆகிறது, கூடுதல் 5 விழுக்காடாக இறங்குகிறது. கோழி ஒன்று குறைந்தும் இனம் பிழைக்கிறது.

ஆனால் தாமான் வீட்டில் ஐந்து சேவல் வைத்தால் அண்டை வீட்டார் பொறுப்பார்களா? இனத்துக்குச் சேவல் நிறைய வேண்டும், தெருவுக்குச் சேவல் குறைய வேண்டும். இந்த முரணைத் தனி வீட்டால் தீர்க்க முடியாது. லயத்தில் தானாக நடந்ததைத் தாமானில் ஒப்பந்தம் போட்டு நடத்த வேண்டியதுதான்.

செனாயில் ஒருவர், கூலாயில் ஒருவர், ஸ்கூடாயில் ஒருவர் என மூன்று பேர் ஒரே இனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் இரண்டு சேவலும் ஐந்து பெட்டையும் வைத்தால் போதும். மொத்தம் ஆறு சேவல், பதினைந்து பெட்டை. மேலே சொன்ன கணக்குப்படி எண் 17ஐத் தொடுகிறது, தலைமுறைக்குக் கூடும் நெருக்கம் 3 விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிடுகிறது. எந்த வீட்டிலும் இனவிருத்திச் சேவல் இரண்டுக்குமேல் இராது.

சுழற்சி விதி எளிது. செனாய் வீட்டுக்குச் சிவப்பு வளையம், கூலாய்க்கு மஞ்சள், ஸ்கூடாய்க்கு நீலம். குஞ்சு எந்த வீட்டில் பொரிகிறதோ அந்த வளையம் அதன் காலுக்கு. பெண் குஞ்சுகள் பிறந்த வீட்டிலேயே தங்கும். ஆண்களில் தேர்ந்தவை அடுத்த வீட்டுக்குப் போகும்: செனாய்ச் சேவல் கூலாய்க்கு, கூலாய்ச் சேவல் ஸ்கூடாய்க்கு, ஸ்கூடாய்ச் சேவல் செனாய்க்கு. ஒவ்வோர் ஆண்டும் இதே திசையில், ஒருபோதும் திருப்பாமல். நம் குடும்பங்களில் மகளைக் கட்டிக்கொடுக்கும் வழக்கத்துக்கு இது நேர் எதிர், இங்கே மாப்பிள்ளைதான் வீடு மாறுகிறான் என்று சொன்னால் பிள்ளைகளுக்கும் மறக்காது. பிளாஸ்டிக் வளையம் வளரும் காலில் இறுகும், கழன்றும் விழும். ஆகவே பொரித்த அன்றே விரலிடைத் தோலில் சிறு துளையிட்டு, எந்தத் துளை எந்தத் தாய்க்கு என்று ஏட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

அனுப்பும் இரண்டு சேவல்களும் ஒரே தாயின் மக்களாக இருக்க வேண்டாம். அழகில் முதலிடம் பெற்றதையே எல்லாரும் அனுப்ப விரும்புவார்கள். அதன் உடன்பிறப்புகளில் எத்தனை உயிரோடு வளர்ந்தன என்றும் பாருங்கள். புதுச் சேவல் வந்ததும் மூன்று வாரம் தனிக் கூண்டில், தனித் தண்ணீர்க் கிண்ணத்தோடு இருக்கட்டும். அதற்கு வேலை பார்த்த கையோடும் செருப்போடும் பழைய கோழிகளிடம் போகாதீர்கள். பழைய சேவலை எடுத்த நாளிலிருந்தும் மூன்று வாரம் அடைமுட்டை சேர்க்க வேண்டாம், ஏனென்றால் பெட்டையின் உடலுக்குள் பழைய சேவலின் விந்து இரண்டு, மூன்று வாரம்வரை உயிரோடு இருக்கும். அவசரப்பட்டால் யார் பிள்ளை என்றே தெரியாது, ஏடு பாழாகிவிடும்.

அடை

அடைக்கு வைக்கும் முட்டையை நம் வெப்பத்தில் நீண்ட நாள் வைத்திருக்க முடியாது. 30 டிகிரிச் சூட்டில் கிடந்தாலே உள்ளே கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, பிறகு நின்று சாகும். காலையும் மாலையும் முட்டை எடுத்து, வீட்டின் மிகக் குளிர்ந்த மூலையில் கூர்முனை கீழே இருக்கும்படி வைத்து, ஐந்து நாளுக்குள் அடைக்கு வையுங்கள். குளிர்ப்பெட்டியின் சாதாரணத் தட்டு ஆகாது, அந்தக் குளிரும் கருவைக் கொல்லும்.

நல்ல அடைக்கோழி ஒன்று கிடைத்தால் இயந்திரமே வேண்டாம் என்பேன். அரிய இனத்து முட்டையை ஒரு கம்பத்துப் பெட்டைக்கு அடியில் வையுங்கள்; அதன் பொறுமைக்கு ஈடு கிடையாது. செராமா முட்டையை மட்டும் கனத்த பெட்டைக்கு வைத்தால் நசுங்கிவிடும். 21 நாள் என்ற கணக்கும் செராமாவுக்குப் பொருந்தாது, 19ஆம் நாளிலேயே ஓட்டில் கீறல் விழத் தொடங்கும். வழக்கமான நாளை எண்ணி முட்டையைத் திருப்பிக்கொண்டே இருந்தால் குஞ்சு தலைமாறிப்போகும்.

இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு முக்கியச் செய்தி. கூடவே வரும் கையேடு, ஆரம்ப நாளிலிருந்தே தொட்டியில் தண்ணீர் ஊற்றச் சொல்லும். அது வறண்ட, குளிர்ந்த நாட்டுக்கு எழுதியது. செனாயில் அறைக்காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு என்று வையுங்கள். அதே காற்று இயந்திரத்துக்குள் 37.5 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் தானாகவே 47 விழுக்காட்டுக்கு இறங்கும். முதல் 18 நாளுக்கு வேண்டிய அளவுக்கு அது வெகு அருகில் இருக்கிறது. அதற்குமேல் தண்ணீர் ஊற்றினால் முட்டையிலிருந்து ஈரம் வெளியேறாது, காற்றறை சிறுத்துவிடும், முழுதாக வளர்ந்த குஞ்சு ஓட்டுக்குள்ளேயே மூழ்கிச் சாகும். கடைசி மூன்று நாளுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி 65க்குமேல் ஏற்றுங்கள். குளிரூட்டி ஓடும் அறையில் இயந்திரத்தை வைத்தால் கணக்கு மாறும். சந்தேகமிருந்தால் சமையலறைத் தராசில் முட்டையை நிறுத்துப் பாருங்கள்: 18ஆம் நாளில் தொடக்க எடையில் 11 முதல் 14 விழுக்காடு குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் தண்ணீர் அதிகம்.

பொரித்த குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறையுங்கள். நம் ஊர்ப் பகலில் பெரும்பாலும் விளக்கே தேவைப்படாது, மழை இரவில் தேவைப்படும். குஞ்சுகள் விளக்கடியில் குவிந்தால் குளிர், ஓரத்தில் ஒதுங்கி வாயைத் திறந்தால் சூடு. செராமாக் குஞ்சு தண்ணீர்த் தட்டில் விழுந்தே செத்துப்போகும். தட்டில் கோலிக்குண்டுகளைப் போட்டு, இடையில் உள்ள நீரை மட்டும் குடிக்கவிடுங்கள்.

கழிச்சல்

கொத்துக் கொத்தாகக் கோழியைக் கொண்டுபோவது வெள்ளைக்கழிச்சல். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும், அடுத்து இந்தியாவில் ரானிகேத்திலும் கண்டறியப்பட்டதால் நியூகாசில், ரானிகேத் என்ற ஊர்ப் பெயர்களிலேயே வழங்குகிறது. பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்து முறுக்கிக்கொள்ளும், இரண்டு மூன்று நாளில் கூண்டு காலியாகிவிடும். மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டுமே. இதில் நம் நாட்டுக்கு ஒரு பெருமையும் உண்டு. கம்பத்துக் கோழிக்குத் தடுப்பூசி போடுவதில் பெரிய தொல்லை, மருந்தைக் குளிரில் வைத்துக் கொண்டுபோவதுதான். 1980களில் மலேசிய விவசாயப் பல்கலைக்கழகம், இன்றைய புத்ரா மலேசியா பல்கலைக்கழகம், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, சூட்டைத் தாங்கும் வி4 என்ற கிருமி வகையைத் தீனியில் கலந்து கொடுத்துச் சோதித்தது. கம்பத்துக் கோழிக்காகவே செய்யப்பட்ட ஆய்வு அது.

வீட்டு வளர்ப்பில் முதல் வாரத்தில் கண்சொட்டு, மூன்று நான்கு வாரத்தில் மறுமுறை, பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை என்பது பொது வழக்கம். எந்த வகை, எந்த நாள் என்பதைக் கால்நடைச் சேவைத் துறை அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்குங்கள். மருந்துக் குப்பி ஒரு சிறு கூண்டுக்கு மிக அதிகம், திறந்தால் அன்றே தீர்த்தாக வேண்டும். சுழற்சியில் சேர்ந்த மூன்று வீடுகளும் ஒரே நாளில் போட்டால் செலவும் பங்காகும்.

சின்ன வெங்காயமும் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் தொன்றுதொட்ட பழக்கம். கொடுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் அது தடுப்பூசிக்கு மாற்று ஆகாது. காரணம் தெரியாமல் ஒரே நாளில் பல கோழிகள் செத்தால், முகமும் கொண்டையும் வீங்கி நீலம் பாரித்தால், அறுக்காமல், விற்காமல், வேறு வீட்டுக்கு அனுப்பாமல் உடனே துறைக்குச் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சல் மனிதரையும் தொற்றும்.

கூவலும் அக்கம்பக்கமும்

செனாய் கூலாய் நகராண்மைக் கழகத்தின் எல்லைக்குள் இருக்கிறது. வீடமைப்புப் பகுதியில் கோழி வைக்க என்ன விதி, எத்தனை அனுமதி என்று கூண்டு கட்டும் முன்பே அங்கே கேட்டுவிடுங்கள். கட்டிய பின் கேட்பது கூண்டைப் பிரிக்கும் செலவில் முடியலாம். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் 2017 தொடக்கத்தில் சின் மிங் வட்டாரத்தில் சுற்றித் திரிந்த 24 கோழிகளைக் கொன்றார்கள். சத்தம் என்று குடியிருப்பாளர்கள் புகார் கொடுத்ததுதான் தொடக்கம். ஒரு கூவல் எவ்வளவு தூரம் போகும் என்பதை வளர்ப்பவர் குறைத்து மதிக்கக் கூடாது.

இருட்டில் அடைத்தால் கூவாது என்பது பாதி உண்மை. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி சேவலின் உடலுக்குள்ளேயே கடிகாரம் இருக்கிறது. வெளிச்சம் இல்லாவிட்டாலும் விடியலை ஒட்டி அது கூவும். சேவல்கள் பல இருக்கும் இடத்தில் அவற்றுள் முதல் நிலையில் உள்ள சேவல்தான் முதலில் தொடங்கும் என்றும் பின்னர் கண்டார்கள். இருட்டால் உள்ளிருக்கும் கடிகாரத்தை நிறுத்த முடியாது, ஆனால் தெருவிளக்கும் கார் வெளிச்சமும் பட்டு நள்ளிரவில் கூவுவதைத் தடுக்கலாம். செனாயில் சூரியன் ஏழு மணி வாக்கில் எழுகிறது, கூவல் ஐந்துக்கே வந்துவிடும். சேவலுக்கு மட்டும் ஒரு சிறு இரவுப் பெட்டி செய்து, காற்றுத் துளைகளை வளைத்து வைத்து, சுவரில் தென்னைநார் மெத்தை ஒட்டி, அண்டை வீட்டுப் படுக்கையறைக்கு எதிர்ப்பக்கம் வைத்தால் சத்தம் கணிசமாக அடங்கும். கழுத்தில் பட்டை மாட்டிக் கூவலை அடக்குவதை நான் ஏற்கவில்லை. அது சேவலின் மூச்சை நெரிக்கும்.

எஞ்சும் சேவல்கள்

பொரிக்கும் குஞ்சில் பாதி ஆண். இருபது பொரித்தால் பத்து சேவல் வரும், சுழற்சிக்கு வேண்டியது இரண்டு, கைவசம் வைக்க இன்னொன்று. மிச்சமுள்ள ஏழு சேவல்களை என்ன செய்வது என்பதை முட்டையை அடைக்கு வைக்கும் முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள். தீர்மானிக்காதவர் வீட்டில்தான் ஐந்தாவது மாதத்தில் ரத்தச் சண்டையும் பக்கத்து வீட்டுப் புகாரும் ஒன்றாக வருகின்றன.

கனத்த இனங்களில் வளர்ப்புக்குத் தேறாததைக் கறிக்கு எடுத்துக்கொள்வதில் தவறில்லை. நன்றாக வளர்த்து, துன்பமில்லாமல் அறுப்பது வளர்ப்பவரின் கடமை. ஆடி மாதத்தில் முனியாண்டிக்கும் மதுரைவீரனுக்கும் நேர்ந்துகொண்டவர்கள் கருஞ்சேவல், செஞ்சேவல் கேட்டு வருவார்கள். கொடுங்கள், ஆனால் ஏட்டைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள், இனவிருத்திக்கு ஒதுக்கியது கைமாறிப் போய்விடக் கூடாது. செராமாச் சேவலைப் பொழுதுபோக்காக ஒன்றிரண்டு வளர்க்க விரும்புவோர் கிடைப்பார்கள். வாங்குகிறவரிடம் இனத்தின் பெயரையும் குறையையும் மறைக்காமல் சொல்லி, வேறு இனத்தோடு சேர்த்தால் அந்தக் குஞ்சை செராமா என்று விற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சண்டைக்கு வாங்குகிறவர் என்று சந்தேகம் எழுந்தால் எவ்வளவு விலை சொன்னாலும் கொடுக்காதீர்கள். யாருக்கு, எந்தத் துளைக்குறியுள்ள சேவல், எந்தத் தேதியில் போனது என்பதையும் அதே ஏட்டில் எழுதுங்கள். சுழற்சியில் ஒரு வீட்டுச் சேவல் திடீரென்று செத்துப்போனால் அதன் அண்ணனோ தம்பியோ யார் வீட்டில் இருக்கிறது என்று தேடிப் போக அந்த வரி உதவும்.